ஆளுக்கொரு கதவு

அப்பாவின் வீட்டை நான்காகப் பிரிக்க முடிந்தது. காரைப் பிரிக்க முடியவில்லை. அறுபது வருடப் பழசு அது. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொரு கதவு என்று முடிவானது. டிரைவர் பக்கக் கதவு ஒரே பெண்ணுக்கு விழுந்தது. அன்றைக்குத் தொங்கிய மூன்று ஆண்பிள்ளைகளின் முகமும் ஆறு வருடமாகியும் நிமிரவில்லை.

அவள் பல்செட் செய்கிறவள். அடுத்தவர் வாய்க்குள் மயிரிழை பிசகாமல் பொருத்திப் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அந்தக் காரை ஓட்டுவாள். பெரியண்ணன், சின்னண்ணன், தம்பி மூவரும் அவரவர் கதவை ஒட்டி உட்கார்ந்து கூடவே வருவார்கள். தன் கதவைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வராது. வந்துவிட்டுப் போகட்டும். எந்த முனையில் திரும்புவது என்று அவளாக முடிவு செய்கிற நேரம் வாரத்தில் அது ஒன்றுதான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. தகுதிச் சான்று கொடுக்க வந்த இன்ஸ்பெக்டர் கூரை மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே கிடந்த கால்மிதியை எடுத்துப் பிழிந்து காட்டினார்.

"கதவு ரப்பரெல்லாம் பழைய செருப்பு மாதிரி விறைச்சுப் போச்சு. பதினஞ்சு நாள் டைம் தரேன். நாலு கதவும் ஒழுங்கா மூடணும், ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது. இல்லேன்னா வண்டிய உடைக்கத்தான் அனுப்பணும்."

கதவு விளிம்பில் ஓடும் அந்த ரப்பர் பட்டைக்குப் பட்டறையில் பீடிங் என்று பெயர். அதை மாற்றுவதையே தொழிலாகக் கொண்டவரை பீடிங் மாஸ்டர் என்றார்கள். அவர் வீட்டுக்கே வந்து, பழைய ரப்பரைப் பட்டி போடும் தகட்டால் நெம்பி எடுத்தார். காய்ந்த பசையைத் தின்னர் தொட்டுச் சுரண்டினார். நான்கு கதவுக்கும் ஒரே கனத்தில்தான் போட வேண்டும் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று மாலையே பெரியண்ணன் தனியாக வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "என் கதவுக்கு மட்டும் கொஞ்சம் கனமா போடுங்க. வெளிய சொல்ல வேண்டாம்."

லிஃப்ட் பழுது பார்க்கும் சின்னண்ணன் அடுத்து வந்தார். "அவர் கேட்டதுக்கு மேல ஒரு நூல் கனம் கூட்டிப் போடுங்க."

தம்பி போனில் கூப்பிட்டான். "மாஸ்டர், இருக்கறதுலயே குண்டா எது இருக்கோ, அது."

அவளும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் தூங்கப் போகட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், கடைக்குப் போகும் வழியிலேயே பட்டறையில் இறங்கி, தம்பி கேட்டதைத்தான் கேட்டாள்.

மாஸ்டர் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, பள்ளத்துக்குள் ரப்பரை விரலால் அமுக்கி ஏற்றி முடித்தார். பல் கடி பார்க்கிற சிவப்புத் தாளை அவள் எடுத்து வந்து, ஒவ்வொரு கதவாக இடுக்கிப் பார்த்தாள். சுற்றிலும் விட்டுப் போகாமல் சிவப்புப் பதிந்தது. இத்தனை நல்ல கடியை அவள் எந்த வாயிலும் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில் நால்வரும் ஏறி உட்கார்ந்தார்கள். அவள் தன் கதவைச் சாத்தினாள். தம்பியின் கதவு திறந்துகொண்டது. அவன் சாத்தினான். பெரியண்ணன் கதவு திறந்தது. அவர் சாத்த, சின்னண்ணன் பாதி உடம்போடு வெளியே போய் வந்தார்.

"முப்பது வருஷமா லிஃப்ட் கதவோட குப்பை கொட்டறேன்," என்றார் சின்னண்ணன். "இப்படி ஒரு துரோகத்தப் பாத்ததில்ல."

"யாரச் சொல்ற?" என்றார் பெரியண்ணன்.

"கதவச் சொன்னேன். குத்துச்சுன்னா நான் என்ன பண்ண?"

மாஸ்டர் குனிந்து உள்ளே பார்த்தார். "உள்ள இருக்கற காத்துக்குப் போக வழியில்லங்க. யாராவது ஒருத்தர் கண்ணாடிய விரலளவு இறக்குங்க. நாலும் மூடிக்கும்."

பெரியண்ணன் தம்பி பக்கம் திரும்பினார்.

"தம்பி, சின்னவன் நீதானே."

"சின்னவன் சின்னவன்னுதான் சமையலறை இல்லாத பக்கத்த எனக்குக் குடுத்தீங்க. பெரியவர் இறக்கட்டும்."

"நான் ஏற்கெனவே மாடிப்படிய விட்டுக்குடுத்தவன்."

மாஸ்டர் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியும். காற்று இல்லாததால்தான் மேல்தாடைப் பல்செட் அண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஊசிமுனை வழி கிடைத்தால் பேச்சின் நடுவே விழும். ஆனால் இன்று தன் கண்ணாடியை இறக்கினால், டிரைவர் கதவுதான் சொத்தை, மறுபடி குலுக்கலாம் என்று நாளைக்கே பேச்சு வரும். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வேறு வழியில்லாமல் மாஸ்டர் வெளியே நின்று எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் நால்வரும் ஒரே நேரத்தில் இழுத்தார்கள். மூன்றாவது தடவையில் காது அடைத்தது. நான்கும் மூடிக்கொண்டன.

அதன் பிறகு வெளியுலகம் ஊமையாகிவிட்டது. வாளி கவிழ்ந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே ஒரு சொட்டும் இல்லை. இன்ஸ்பெக்டர் ஏதோ சொன்னார், தலையாட்டினார், சீட்டு எழுதி முத்திரை குத்தினார். அதை அவள் கண்ணாடியருகே நீட்டினார்.

அவள் பெரியண்ணனைப் பார்த்தாள். அவர் எதிரே இருந்த சுவரைப் படித்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் சுற்றிப் போய் அவர் கண்ணாடியைத் தட்டினார். பிறகு தம்பியினுடையதை. பிறகு சின்னண்ணனுடையதை. மூவரும் கைகூப்பினார்கள். யாரும் இறக்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டரிடம் உதட்டைப் பிதுக்கினார். பிறகு சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு தன் வண்டியை நோக்கி நடந்தார்.

நான்கு அடி வரை அவள் பொறுத்தாள். ஐந்தாவது அடியில் கை தானாகக் கண்ணாடியின் கைப்பிடியைச் சுழற்றியது. புஸ்ஸென்று காற்று வெளியேற, நால்வர் காதும் திறந்தது.

"சார்," என்றாள். "இங்க குடுங்க."

சீட்டு அந்த விரலளவு இடைவெளி வழியாக உள்ளே வந்தது.

"அக்கா இறக்கிட்டா," என்றான் தம்பி.

"பாத்தேன்," என்றார் சின்னண்ணன். "எல்லாரும் சாட்சி."

"டிரைவர் பக்கம்தான் முதல்ல விட்டுக்குடுத்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கணும்," என்றார் பெரியண்ணன்.

அவள் சீட்டை முன்கண்ணாடியின் மூலையில் சொருகினாள். வண்டியைக் கிளப்பினாள். முனையில் வழக்கமாக இடப்புறம் திரும்புவாள். இன்று வலப்புறம் திரும்பினாள். மூவரும் வாயைத் திறந்தார்கள். இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல ஒருவராலும் முடியாது. இறங்கினால் கதவு தனியாகப் போய்விடும். வாயை மூடிக்கொண்டார்கள்.

வெயில் ஏறியது. மூன்று கண்ணாடிகளும் ஏறினபடியே இருந்தன. பெரியண்ணன் கழுத்தைத் துடைத்தார். சின்னண்ணன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"அக்கா," என்றான் தம்பி. "உன் பக்கம் காத்து வருதா?"

"வருது."

இன்னும் ஒரு முனை கடந்தது. பெரியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேம்மா."