மீந்த மாத்திரை

சங்கரி தாராளக் கைக்காரி என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேர் வாங்கியவள். மீந்த குழம்பு, சாயம் போன புடவை, மகன் ஷ்யாமுக்குப் பத்தாமல் போன சட்டை எல்லாம் வீட்டு வேலைக்கு வரும் பாப்பாவுக்குத்தான் போகும். மாத்திரையும் அப்படித்தான் போனது. டவுன்ஷிப் டிஸ்பென்சரியில் சும்மா கொடுக்கிற மாத்திரையை யார் முழுசாகத் தின்று தீர்க்கிறார்கள்? ஷ்யாமுக்குத் தொண்டை சரியானதும் மீதி அட்டை ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும். பாப்பா பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற அன்றைக்கு சங்கரி அதில் இரண்டைப் பிய்த்துக் கொடுப்பாள். வீக்கம் வடிந்துவிடும். "அம்மா கை ராசியான கை" என்பாள் பாப்பா. சங்கரிக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பொங்கலிலிருந்து ஆடி வரைக்கும் இந்த வைத்தியம் நடந்தது. ஆடியில் பாப்பாவின் தாடை பன் மாதிரி உப்பி, கஞ்சிகூட இறங்காமல் போன பிறகுதான் சங்கரி பயந்து, புதுப்பட்டினத்தில் இருந்த பல் டாக்டர் தாமோதரனிடம் அவளை அழைத்துப் போனாள்.

வெளியே உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தவளை பாப்பா விடவில்லை.

"யம்மா, எனுக்கு பயமா கீது. நீங்க பக்கத்துலயே நில்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஊசி போட்டு, மரத்ததும் ஈறோரமாகக் கம்பியை விட்டார். சீழும் ரத்தமுமாக வந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது. முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோன சங்கரி, பாப்பாவின் கண் தன்மேலேயே இருப்பதைப் பார்த்துக் கையை இறக்கினாள். பிறகு மெஷின் கிர்ரென்று கத்தியது. ஈறுக்கடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த காரை சில்லுசில்லாகப் பெயர்ந்து வந்தது. டாக்டர் பக்கத்துப் பல்லையும் தொட்டுப் பார்த்தார். அதுவும் ஆடியது.

"இதையும் எடுத்தாகணும். முன்னாடியே வந்திருந்தா ஒரு பல்லோட போயிருக்கும். நடுவுல மாத்திரை ஏதாவது போட்டியாம்மா?"

பாப்பா துப்பிவிட்டு, "போட்டேன் சார். வலிக்கிற அன்னிக்கு ரெண்டு" என்றாள்.

டாக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "வலி அடங்கிடும், உள்ள சீழு எலும்பைத் தின்னுட்டே இருக்கும்! எந்த முட்டாள் உனக்கு அப்படிக் குடுத்தது?"

நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் தலையையா சீவிவிடுவார்? ஆனால் டாக்டரின் மனைவி, சங்கரி வெள்ளிக்கிழமை தோறும் போகிற பஜனைக்கு வருகிறவள். அடுத்த வெள்ளிக்கிழமை யார் யார் எப்படிச் சிரிப்பார்கள் என்பதுவரை அதற்குள் சங்கரியின் மனசு ஓடிவிட்டது.

பாப்பா அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"யாரும் குட்கல சார். நானேதான் மருந்துக் கடைல கேட்டு வாங்கினு வந்து முழுங்கினேன்."

"உங்களையெல்லாம் திருத்தவே முடியாது" என்றார் டாக்டர்.

சங்கரிக்கு உடம்பெல்லாம் கூசியது. வேலைக்காரிக்குக் கிடைத்த திட்டு தன்னுடையது என்பதால்கூட இல்லை. தப்பித்தோம் என்று ஒரு பெருமூச்சு தன்னையறியாமல் வெளியே வந்ததே, அதுதான் அவளைத் தின்றது. சீ, இவ்வளவுதானா நான் என்று இருந்தது.

டாக்டர் இடுக்கியால் பல்லைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். பாப்பா சங்கரியின் விரல்களை நெரித்தாள். ஒரு பல் வந்தது. அதன் வேரில் சீழ்ப்பை ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததற்கு அவ்வளவு பலம்கூடத் தேவைப்படவில்லை. தான் கொடுத்த மாத்திரையால் போன பல் அது என்று சங்கரிக்குத் தெரிந்தது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினாள்.

அதற்குள் டாக்டர் மருந்துச் சீட்டை அவளிடம் நீட்டினார்.

"மேடம், மாத்திரையை நீங்களே வச்சிருந்து வேளாவேளைக்குக் குடுங்க. இவங்க கையில விட்டா அவ்வளவுதான். ஏதோ, உங்களை மாதிரி படிச்சவங்க வீட்ல வேலை செய்யறதால உயிர் பிழைச்சாங்க."

பஞ்சைக் கடித்தபடி, பாப்பா ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினாள்.

"சரி டாக்டர்" என்றாள் சங்கரி.