சாம்பல் சட்டை நாள்

நார்மன் ஹெஸ்லப்பின் பல்செட்டைக் குப்பையில் போட்டது நான்தான். வேண்டுமென்று போடவில்லை. வேண்டுமென்று போட்டிருந்தால் இவ்வளவு கச்சிதமாகப் போட்டிருக்க முடியாது. காலையில் முதல் டீ குடித்ததும் பல்செட்டைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் அந்த வழியாகப் போனேன். காலிக் கோப்பையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கோப்பை சமையலறைக்குப் போனது. டிஷ்யூ குப்பைப் பைக்குள் போனது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் டிஷ்யூவோடு போயின.

அன்றைக்குக் கோப்பை எடுப்பது என் வேலையே இல்லை என்பதுதான் இதில் விசேஷம். திங்களும் செவ்வாயும் நான் பச்சைச் சட்டை, அதாவது வார்டு உதவியாளன். குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், படுக்கை மாற்றுவேன், கோப்பை எடுப்பேன். பதினேழு வருடமாக இதே வார்டில் அதே பச்சை. வியாழக்கிழமை பல்கலைக்கழகம். புதனும் வெள்ளியும் சாம்பல் சட்டை, நர்ஸ் படிப்புக்காரன். ஆஸ்பத்திரியே சம்பளம் கொடுத்து, வேலையில் வைத்துக்கொண்டே பட்டமும் படிக்க வைக்கிற ஏற்பாடு. நாற்பத்தெட்டு வயதில் சேர்ந்திருக்கிறேன். என் வகுப்பில் எனக்கு அடுத்த மூத்தவள் என் காரைவிட இளையவள். புதன்கிழமை காலையில் தலை சாம்பலுக்கு மாறிவிடுகிறது. கை மட்டும் செவ்வாயிலேயே நின்றுவிடுகிறது.

படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உதவியாளனுக்கும் நர்ஸுக்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கிறது? மருந்துகளின் பெயர்கள் இருக்கின்றன, படித்தாயிற்று. ஊசி இருக்கிறது, பழகியாயிற்று. அதற்கப்பால் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை யாரும் பாடத்தில் வைக்கவில்லை. பேராசிரியையைக் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார். எங்கள் ஊரில் அதற்குப் பதில் தெரியாது என்று அர்த்தம். என்னோடு பச்சைச் சட்டை போடும் ஷெரிலைக் கேட்டேன். "சம்பளம், ராசா" என்றாள்.

எனக்குத் தேர்ச்சி போடவோ என்னைத் தள்ளவோ அதிகாரம் உள்ள நர்ஸ் டாம்சின். வயது முப்பத்தொன்று. அவள் மாணவியாக இந்த வார்டுக்கு வந்தபோது விரிப்பின் மூலையை மடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு என்னைக் கவனிக்கிறாள். கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு கணக்கு உண்டு, ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த கணக்கு: "எங்கப்பாவ இந்த ஆள்கிட்ட விட்டுட்டு நான் நிம்மதியா வீட்டுக்குப் போவேனா? போவேன்னா கையெழுத்து." அப்பா நிஜமாகவே இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இரண்டு முட்டியும் போய்விட்டன. மழை நாளில் அவளை அழைத்துப்போக வருவார். பெண் கேட்கப் போனவன் மாமனாரைப் பார்ப்பதுபோல ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுத்த வெள்ளிக்குள் கையெழுத்து விழாவிட்டால் படிப்பு அதோடு சரி. பிறகு வாரம் முழுக்கப் பச்சைதான்.

"உங்கப்பாவ என்கிட்ட விடுவியா?" என்று அவ்வப்போது கேட்டுப் பார்ப்பேன்.

"உங்க ஜோக்கக் கேட்டா அவருக்கு முட்டி தானா சரியாயிரும் கீத். எழுந்து ஓடிருவாரு" என்பாள். நேர் பதில் வராது.

அந்தப் புதன்கிழமை டாம்சின் சொன்னாள்: "இன்னிக்கு இந்த ஆறு பெட்டும் உங்களோடது. மருந்து குடுக்கறப்ப மட்டும் கூட இருப்பேன். மத்தபடி நான் ஒரு சுவர்."

ஹெஸ்லப்புக்குச் சர்க்கரை. காலை உணவோடு இன்சுலின். அளவை நாங்கள் இருவரும் சரிபார்த்தோம், நான் போட்டேன், டோஸ்ட் வந்து இறங்கியது. "சாப்பிடுங்க நார்மன்" என்றேன். "சாப்பிடறேன், ஊசியக் குத்தியாச்சுல்ல, நகரு தம்பி" என்றார், வாயைக் கையால் மூடிக்கொண்டு. கொட்டாவி என்று நினைத்தேன்.

ஹெஸ்லப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குறை சொல்வது அவருக்கு மூச்சு விடுவதுபோல. டீ, ஜன்னல், அரசாங்கம், என் தலைமுடி, எதையும் விட்டுவைக்க மாட்டார். நடுக்காலையில் இரண்டு கட்டில் தள்ளி ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. வானொலி நின்றபிறகுதான் அதுவரை பாடிக்கொண்டிருந்தது தெரியுமே, அதுபோல. திரும்பிப் பார்த்தேன். ஹெஸ்லப் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி ஈரமாக இருந்தது.

"நார்மன், டீ எப்படி?"

"நல்லாருக்கு" என்றார்.

அவர் எந்த டீயையும் நல்லாருக்கு என்று சொன்னதில்லை. "பயப்படாதீங்க, இதோ நர்ஸக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வார்டின் நீளம் முழுக்க நடந்து நர்ஸ் மேசைக்குப் போனேன்.

"டாம்சின், நார்மன் சரியில்ல. வேர்க்குது. யாரையும் திட்ட மாட்டேங்கறாரு."

அவள் எழுந்துவிட்டாள். ஆனால் எனக்கு முன்னால் போகவில்லை. "சரி. நர்ஸ் என்ன பண்ணப் போறாங்க?" என்றாள்.

கேவலத்தை மறைப்பானேன், நான் திரும்பி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

பிறகு ஓடினேன். விரலில் குத்திப் பார்த்தால், எங்கள் ஊர் அளவில் சர்க்கரை இரண்டு புள்ளி ஒன்பது. நாலுக்குக் கீழே போனால் ஆபத்து, மற்றதெல்லாம் அப்புறம். விழுங்க முடிகிறதா என்று பார்த்து, ஆரஞ்சு ஜூஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். டாக்டருக்குச் சொல்லியனுப்பினேன். கால்மணி நேரம் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். டாம்சின் திரைக்குப் பக்கத்தில் நிஜமாகவே சுவர்போல நின்றாள். மறுபடி குத்தியபோது ஐந்தைத் தாண்டியிருந்தது. ஹெஸ்லப் என் தலையை ஏறிட்டுப் பார்த்தார். "சீப்புன்னு ஒண்ணு விக்கறாங்க, தெரியுமா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டோஸ்ட் அவருடைய செருப்புக்குள் இருந்தது. இரண்டு துண்டும் முழுசாக.

"கடிக்க முடியல" என்றார் மெதுவாக. "பல்ல எங்கயோ வெச்சுட்டேன். ஞாபகமே இல்ல. யார்ட்டயும் சொல்லாத தம்பி. கிழவனுக்குப் புத்தி பிசகிருச்சுன்னு எழுதி வெச்சிருவாங்க. அப்புறம் வீட்டுக்கு விட மாட்டாங்க."

காலையில் கோப்பையோடு எடுத்த டிஷ்யூ எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் காலை முழுக்கப் பசியோடு, வாயை மூடிக்கொண்டு, தன் புத்தியையே சந்தேகித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"நார்மன், உங்க புத்திக்கு ஒண்ணுமில்ல. பல்ல நீங்க தொலைக்கல. நான்தான் டிஷ்யூன்னு குப்பையில போட்டுட்டேன்."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "முட்டாப் பயலே" என்றார். அவ்வளவு சந்தோஷமாக என்னை யாரும் திட்டியதில்லை. கஞ்சி கொண்டுவரச் சொன்னேன். சூடு போதவில்லை என்று அதற்கும் திட்டு விழுந்தது.

கட்டிவைத்த பைகளைக் கையுறை போட்டுக்கொண்டு கிளறினேன். ஷெரில் வாசல்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். "நாலு வருசப் படிப்பு, கண்ணு. வீண்போகல பாரு" என்றாள். சொல்லிவிட்டுத் தானும் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஊறிப்போன டீப் பைகளுக்கு அடியில் ஹெஸ்லப் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் ஓய்வறையில் டாம்சின் டீயோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் அவள் அப்பாவின் கார் வந்து நின்றது. துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. நான் ஜோக் எதுவும் சேர்க்காமல் கேட்டேன்.

"உங்கப்பாவ என்கிட்ட விடுவியா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இன்னிக்கு மாட்டேன்" என்றாள். "ஊசி போட்டப்புறம் அவரு தின்னாரான்னு பார்க்கல. அதுல எனக்கும் பங்கு இருக்கு, அத நான் எழுதிக் குடுத்துட்டேன். அத விடுங்க. அவரு சரியில்லன்னு இந்தக் கட்டடத்துல வேற யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. டீ நல்லாருக்குன்னு ஒருத்தர் சொன்னா நான் சந்தோஷப்பட்டுட்டுப் போயிருப்பேன். நீங்க கண்டுபிடிச்சீங்க. கண்டுபிடிச்சுட்டு, அவரத் தனியா விட்டுட்டு என்னைத் தேடி நடந்து வந்தீங்க. கட்டில் பக்கத்து மணிய அடிச்சிருந்தா நான் வந்திருப்பேன். அங்கருந்து இங்க வர்ற வரைக்கும் அவருக்கு நர்ஸே இல்ல கீத். நீங்க கேட்டுட்டே இருப்பீங்களே, நடுவுல என்ன இருக்குன்னு. அந்த நடைதான்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை இருக்கு. அதுக்கடுத்த வாரம் ரெண்டு நாள் இருக்கு."

கதவு மூடியது. ஜன்னலில், அவள் மழையில் குனிந்து ஓடிக் காரில் ஏறுவது தெரிந்தது. மேசைமேல் அவளுடைய காலிக் கோப்பை இருந்தது, அடியில் ஒரு மடக்கு டீயோடு. பக்கத்தில் கசங்கிய டிஷ்யூ. நான் இரண்டு கையையும் சாம்பல் சட்டையின் பைகளுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.