கைமாறிய பந்தாட்டப் பெட்டி

வண்டிப்பெரியாருக்கு ஜீப் மலையேறும்போது வெங்கிடாசலம் வழிநெடுகப் பாடிக்கொண்டே வந்தார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். பம்பாய்க் கம்பெனி ஒன்று செய்யும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளுக்குக் கொச்சியில் ஏஜெண்டு. எழுபத்தெட்டில் அது புத்தம் புதுச் சரக்கு. அலமாரி மாதிரி ஒரு மரப்பெட்டி, அதன் முகத்தில் ஒரு கண்ணாடித் திரை. காசு போட்டால் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி ஓடும். இரண்டு பேர் ஆளுக்கொரு குமிழைத் திருகி, தங்கள் பக்கத்துச் சின்னக் கோடு ஒன்றை மேலும் கீழும் நகர்த்தி, அந்தப் புள்ளியைப் பந்தாக எண்ணி அடித்தாட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹோட்டல் நடத்தும் வேதமுத்து தனக்கு ஒன்று வேண்டுமென்று ஆளனுப்பியிருந்தார். மலைமேல் முதல் பெட்டி! வெங்கிடாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வேதமுத்து வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்கிடாதீய சார். இப்ப வேண்டாம்."

"என்னவாக்கும் இது? நீர்தானே சொல்லியனுப்பினது?"

"எதுத்தாப்ல பாருங்க. அழகுத்தாய் டீக்கடைக்கு ஒண்ணு வந்திருச்சு. பழசு. பாதி விலைக்குக் கெடைச்சிச்சாம். நானும் பழசு வரட்டும்னு இருக்கேன்."

வெங்கிடாசலம் தெருவைத் தாண்டி ஓடினார். ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட்டில் வேலையில்லாத பெண்களும் ஆண்களும் டீக்கடைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். உள்ளே போகத் தலையைத்தான் முதலில் நுழைக்க முடிந்தது. நடுவில் அந்தப் பெட்டி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன ஓணத்துக்கு எர்ணாகுளத்து ஹோட்டல் ஒன்றுக்கு அவரே விற்ற பெட்டி. அழகுத்தாயின் புருஷன் சுடலை தேயிலை லாரி ஓட்டுபவன். கொச்சியில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அந்த ஹோட்டல்காரரிடமிருந்து வாங்கி ஏற்றி வந்திருக்கிறான்.

திரையில் பந்து இடது மூலைக்குப் போனதும் மாயமாக மறைந்தது. கூட்டமே மூச்சை அடக்கியது. வேறெங்கோ அது தலைகாட்டியதும், "முங்கி எந்திரிச்சிட்டுடா!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

"அது ரிப்பேராக்கும்! கொஞ்சம் நகருங்கோ, சரியாக்கித் தரேன்" என்றார் வெங்கிடாசலம்.

"கை வச்சீகன்னா தெரியும் சேதி!" என்று கொழுந்து பறிக்கும் குருவம்மாள் பாய்ந்து வந்து பெட்டியை மறைத்து நின்றாள். "அந்த முங்கல்லதானய்யா ஆட்டமே இருக்கு!"

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. டீ ஆற்றிக்கொண்டிருந்த அழகுத்தாயிடம் போனார். "கேட்டேளா, இப்படிப் பழசை ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாங்கிண்டே இருந்தா புதுசை யார் வாங்குவா? கம்பெனியை மூடிட்டு நாங்க என்ன செய்யறது?"

"மொதல்ல டீயைக் குடிங்க சார். பொறவு ஒரு ஆட்டம் போடுவமா?"

போட்டார். பெட்டியை விற்றவருக்கு ஆடத் தெரியாதா என்ன! பந்து மூலைக்குப் போய் முங்கியது. எங்கே எழும் என்று அவர் தேடுவதற்குள் அவருடைய கோட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அடுத்த பந்தும் அப்படியே. அழகுத்தாய் ஒரு கையால் குமிழைத் திருகி, மறுகையால் சர்க்கரை டப்பாவை மூடினாள். ஒரு பந்தைக்கூடத் தொடவிடவில்லை. பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர், "சார் பெட்டி விக்கிற ஆளா, பெட்டி சொமக்கிற ஆளா?" என்று கேட்டதும் வெங்கிடாசலத்துக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இன்னொண்ணு!" என்றார். அதிலும் தோற்றார்.

"உங்க பெட்டியில ரோகம். என் புதுசுல ஆடிப் பாருங்கோ, மனசிலாகும்!" என்று ரோஷத்தோடு வெளியே போய், ஜீப்பில் வந்த புதுப் பெட்டியின் சாக்கை அவிழ்த்தார். நாலு பேர் தூக்கி வந்து பழசுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிளக்கைச் செருகியதும் திரை பளீரென்றது. பந்து வேகம் வேகமாகப் பறந்தது; அடிக்கும்போதெல்லாம் 'டிங்' என்று ஒரு சத்தம். புதுசில் பாதிப் பேர், பழசில் பாதிப் பேர். இந்தப் பக்கம் 'டிங்'; அந்தப் பக்கம் 'முங்கிட்டு!' வெளியே மழை தூறியும் ஒருவரும் நகரவில்லை. பீர்மேட்டுக்குப் போகிற பஸ்ஸின் டிரைவரே இறங்கி வந்து வரிசையில் நின்றார். பின்னாலேயே பயணிகளும் வந்தார்கள்.

எதிர்க்கடையில் தனியாக நின்ற வேதமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. குடைகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"அழகுத்தாயி, அந்தப் பழசை எனக்குத் தந்திரு. நீ குடுத்த வெலைக்கு மேலயே தாரேன்!"

அழகுத்தாய் பழசைப் பார்த்தாள். புதுசைப் பார்த்தாள். பிறகு வெங்கிடாசலத்திடம் திரும்பினாள்.

"சார், இவுக தாறதோட மிச்சத்தைத் தவணையில குடுத்தா இந்த டிங்குப் பெட்டி எனக்குக் கெடைக்குமா?"

வெங்கிடாசலத்துக்குப் பொறி தட்டியது. எர்ணாகுளத்து ஹோட்டல்காரர் போன மாதம் பேரமே பேசாமல் புது மாடல் வாங்கியது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. பழசுக்கு இந்த மலையில் ஓர் ஆள் இருந்ததால் அங்கே புதுசு விற்றிருக்கிறது. இதோ, வேதமுத்து இருப்பதால் இங்கேயும் விற்கிறது!

"தரேன், தரேன்! எடுத்துக்கோங்கோ!" என்று கூவினார். வேதமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உமக்கு அலுத்துப்போனா யாருக்குக் குடுப்பீர்? சீக்கிரம் சொல்லும்!"

"இன்னும் கடைக்கே கொண்டுபோகல சார்!"

கூட்டத்திலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். போடிமெட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சங்கையா. "அண்ணாச்சி வச்சு அலுத்ததும் எனக்குத்தான். இப்பவே சொல்லிவச்சிட்டேன்!"

பழசைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஊர்வலமாகத் தெருவைத் தாண்டினார்கள். குருவம்மாள் முன்னால் குலவையிட்டபடி போனாள். கொச்சிக்குத் திரும்ப ஜீப்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். வெங்கிடாசலம் காதில் வாங்கவில்லை. புதுப் பெட்டியின் முன்னால் அழகுத்தாயோடு நின்று, பல்லைக் கடித்துக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

இந்த முறை ஒரு பந்தைத் தொட்டுவிட்டார்.