ஊரைப் பார்த்துச் சம்பளம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து எழுத எனக்கு வராது. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில் அண்ணி போனில் சொன்னதைக் கேட்ட கையோடு எழுத உட்கார்ந்தேன்.

‘மாலை வெயில் சன்னல் வழியாக மடிக்கணினியின் மேல்...’ வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

2

அண்ணி ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறார். அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததும், பெருநகரத்தை விட்டு அம்மாவின் சிற்றூருக்குப் போய், அங்கிருந்தே அதே வேலையைப் பார்த்தார். மறுமாதம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஊழியர் எந்த ஊரில் கணினியைத் திறக்கிறாரோ, அந்த ஊர் விலைவாசிப்படி சம்பளத்தைத் தானாக மாற்ற நிறுவனத்தில் ஒரு நிரல் இருக்கிறது.

(அந்த நிரலை எழுதியதே அண்ணிதான். ஓட்டையே இல்லை என்று போன வருஷம் கைதட்டினார்களாம். நான் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.)

3

அண்ணியின் மேலாளரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டப் பார்த்தேன். ‘அவருக்கும் ஒரு குடும்பம்...’ இல்லை, கை வரமாட்டேன் என்கிறது. சம்பளம் ஏன் குறைந்தது என்று அண்ணி போன் செய்தபோது அவர் கேட்டது இது:

“அங்க வாடகை கம்மிதானேம்மா?”

“வாடகை கம்மிதான் சார். மருந்துக்கடைல ஊரைக் கேட்டா விலை போடறாங்க? நான் செய்யற வேலை இங்க வந்ததும் சின்னதாயிடுச்சா?”

நிறுவனத்தின் கொள்கை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க வந்த பெண்ணை அண்ணி நிறுத்திவிட்டார். இப்போது மீட்டிங் நடுவில் கேமராவை அணைத்துவிட்டு அவரே தூக்குகிறார்.

4

வெள்ளிக்கிழமை அதே மேலாளர் பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டார். நிறுவனத்தின் இயக்குநர் ஏதோ கடலோரக் கிராமத்தில் பங்களா வாங்கி அங்கிருந்து வேலை பார்க்கிறாராம். நிரல் அவர் சம்பளத்திலும் கைவைத்துவிட்டது.

அண்ணிக்கு நடந்தது கொள்கை. இயக்குநருக்கு நடந்தது பிழையாம். திங்கள் காலைக்குள் சரிசெய்ய வேண்டும், அவருக்கு மட்டும்.

5

முதல் முடிவு: அண்ணி சொன்னபடி செய்கிறார், வேலை நிலைக்கிறது. எழுதி அடித்துவிட்டேன், பேனாவே கூசியது.

இரண்டாவது: அந்த நிரலையே அழித்து எல்லோருக்கும் முழுச்சம்பளம் வரச்செய்கிறார், வேலை போகிறது. இது என் ஆசை. அவர் அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தர என் ஆசையா போகும்?

என்ன செய்யப் போகிறீர்கள் என்று காலையில் கேட்டேன்.

“இன்னும் தொடலை,” என்றார். “நீயா இருந்தா என்ன பண்ணுவ?”

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். போனை வைத்துவிட்டார்.

முடிவு தேடித்தான் கதை எழுதுகிறேன். திங்கள் விடிய நேரமிருக்கிறது, நிரல் திறந்தே கிடக்கிறது. அண்ணி கேட்டதை உங்களிடம் கேட்கிறேன். நீங்களாக இருந்தால்...