சொல்லியாச்சு

பதிவேட்டில் லிஃப்ட் மெக்கானிக் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது மூன்றே சொற்கள். ஸ்விட்ச் ஆஃப் லிஃப்ட். திங்கட்கிழமைக்கான கட்டத்தில், கையெழுத்துக்கு மேலே.

வியாழக்கிழமை அதே லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே மாட்டிக்கொண்ட பெண்மணி ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். அடி எதுவும் இல்லை. புகார் எழுதிக் கொடுத்தார்.

கட்டட மேனேஜர் பதிவேட்டைக் காட்டினார். மெக்கானிக் லிஃப்டை நிறுத்தவே இல்லை, நிறுத்த வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார் என்றார். நிறுத்தினேன் என்று எழுத இன்னும் இரண்டு எழுத்து வேண்டியிருந்தது. ஈ, டி. அந்த இரண்டும் அங்கே இல்லை.

சனிக்கிழமை விசாரணை. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. உரிமம் இருக்குமா போகுமா என்பது அவர் கையில். உரிமம் இல்லாமல் எந்த லிஃப்டின் கதவையும் திறக்கக் கூடாது. மெக்கானிக்குக் கடந்த இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

வெள்ளி மாலை மைத்துனி வந்தாள். ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க ஆங்கிலம். சீருடையை மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். எதிரே அவள் அக்கா, மெக்கானிக்கின் மனைவி, மறுநாள் அவர் போட்டுக்கொள்ளவிருந்த சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாக்கியம்: ஐ ஸ்விட்ச்ட் ஆஃப் த லிஃப்ட். மெக்கானிக்குக் கடைசி 'ட்' வரவில்லை.

"வால விட்டுட்டீங்க மாமா."

"எந்த வாலு?"

"அந்த ட். அது இல்லன்னா நீங்க இன்னும் நிறுத்தவே இல்ல."

ஸ்பூனால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லவைத்தாள். பன்னிரண்டாவது தடவை வால் வந்தது.

எப்போது என்று கேட்டால்? பிஃபோர் ஃபைவ் டேஸ் என்றார். ஐந்து நாளைக்கு முன்னால் என்பதை அப்படியே தூக்கி வைத்திருந்தார். அப்படி இல்லை, ஃபைவ் டேஸ் அகோ என்று திருத்தினாள்.

"இங்கிலீஷ்ல முன்னாடிங்கிறது பின்னாடிதான் வரும்."

"அப்ப பின்னாடிங்கிறது?"

"அது முன்னாடி வரும்."

ரிவர்ஸில் வண்டி ஓட்டுகிற மாதிரி பேசினால் சரியாகிவிடும் என்றாள் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த கேள்வியை மைத்துனி அதிகாரியின் குரலில் கேட்டாள். டிட் யூ டெல் த மேனேஜர்?

"சொல்லியாச்சு."

"அத இங்கிலீஷ்ல."

யோசித்தார். "டோல்ட்."

"யாரு?"

"சொல்லியாச்சுன்னா சொல்லியாச்சு. அப்புறம் என்ன?"

"இங்கிலீஷ்ல 'ஆச்சு'ன்னு ஒண்ணு கிடையாது மாமா. ஆளு வேணும். யாரு சொன்னா, யார்கிட்ட சொன்னா?"

மெக்கானிக் மேசையைப் பார்த்தார். ஸ்பூனை எடுத்துத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை மேனேஜர் அறை பூட்டியிருந்தது. அன்று இன்னும் நான்கு கட்டடம் பாக்கி. கதவு ஸ்விட்ச் கெட்டிருந்த லிஃப்டை நிறுத்தினார், பழுது என்று பலகை மாட்டினார், வாசல் காவலாளியிடம் மேனேஜருக்குச் சொல்லிவிடச் சொன்னார். காவலாளி தலையாட்டினார். அவ்வளவுதான். போன் செய்யவில்லை. வியாழனிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியாச்சு என்றார். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மேனேஜர்கிட்ட சொன்னேன்னே சொல்லுங்க. யாரு பாத்தா?"

மைத்துனி அக்காவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ரெண்டும் சின்ன வாக்கியம்தான். எத ப்ராக்டிஸ் பண்றது?"

அவர் சட்டையை வாங்கிப் பித்தானை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

ஐ டிட் நாட் டெல். அவர் வாயில் அது ஐ டிட் நாட் டோல்ட் என்றே வந்தது.

"நடந்து முடிஞ்சதெல்லாம் டிட்லயே தீந்துபோச்சு. டெல்லுக்கு மிச்சம் இல்ல."

புரிந்தது. வாய்க்குப் புரியவில்லை. அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை டோல்ட்தான்.

விசாரணை அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர் பாட்டில். காவலாளியையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திறந்த கதவு வழியே அவருடைய முழங்கால்கள் மட்டும் தெரிந்தன.

அதிகாரி நிதானமாகப் பேசும் பெண். மெக்கானிக் வாலோடு சொன்னார்: ஐ ஸ்விட்ச்ட் ஆஃப் த லிஃப்ட். ஃபைவ் டேஸ் அகோ. அவள் எழுதிக்கொண்டாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து மேனேஜர் அவரைப் பார்த்தார். மெக்கானிக்கின் விரல் பித்தானில் இருந்தது.

"நோ. ஐ டிட் நாட் டெல் த மேனேஜர். ஐ டோல்ட் த வாட்ச்மேன்."

டெல் சரியாக வந்திருந்தது. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அதிகாரி அவர் பக்கம் திரும்பினாள். காவலாளி உங்களிடம் சொன்னாரா? மேனேஜர் கதவைப் பார்த்தார். முழங்கால்கள் அங்கேயே இருந்தன.

"ஐ வாஸ் இன்ஃபார்ம்ட்" என்றார்.

தகவல் தெரிவிக்கப்பட்டது. பிறகு? செவ்வாய் காலை குடியிருப்பவர்கள் படியேற முடியாமல் சத்தம் போட்டார்கள். லிஃப்ட் வாஸ் ஸ்விட்ச்ட் ஆன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினாள். நிறுத்தவே நிறுத்தாத லிஃப்டை எப்படி மறுபடி ஓடவிட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"பை ஹூம்?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

மெக்கானிக்கின் உரிமம் தப்பியது. மேனேஜரிடம் நேரில் சொல்லாததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, படியில் இறங்கியபடியே மைத்துனிக்கு போன் செய்தார்.

"நீ சொன்னது தப்பு. இங்கிலீஷ்லயும் ஆச்சு இருக்கு."

"என்ன ஆச்சு மாமா?"

மேனேஜர் ஆளே இல்லாமல் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் சொன்னார். அவள் சிரித்தாள்.

"அது படிச்சவங்க ஆச்சு. நமக்கு அந்தப் பாடம் இன்னும் வரல."

அடுத்த புதன்கிழமை அந்த லிஃப்டுக்கான உதிரிபாகம் வந்தது. மாற்றினார். பதிவேட்டைத் திறந்து எழுதினார்: ஐ சேஞ்ச்ட் டோர் ஸ்விட்ச். ஈ, டி இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அடுத்த வரியில் ஐ டோல்ட் என்று எழுதியவர் நிறுத்தினார்.

இன்னும் சொல்லவில்லை.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். கதவைத் தட்டினார்.