வண்டி யாருடையது?

ராஜகோபாலின் லாரி ஆபீசில் வண்டி இரண்டு. டிரைவர், கிளீனர், குமாஸ்தா எல்லாம் சேர்த்து மாதச் சம்பளக்காரர்கள் ஐந்து பேர். அவர்களில் மூத்தவன் மாகறல் கண்ணாயிரம். காஞ்சிபுரத்து மில்களிலிருந்து மெட்ராசுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போவான். எழுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் முதலாளி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னும் எத்தினி நாள்பா சம்பளத்துக்கு ஓட்டுவ? வண்டிய நீயே வச்சிக்க. லோடுக்கு இவ்ளோன்னு காண்டிராக்ட். டீசல், டயர், கிளீனர் சம்பளம் உன்னுது. மிச்சமெல்லாம் உனக்குத்தான்."

பழைய சம்பளத்தைவிட நூறு ரூபாயாவது கூட நிற்கும் என்று கண்ணாயிரத்துக்குத் தோன்றியது. மனைவி கிருஷ்ணவேணிக்கு மனம் ஒப்பவில்லை.

"ஒடம்பு முடியாம படுத்துட்டா?"

"நான் என்னிக்குப் படுத்துக்கினு இருந்தேன்?"

கையெழுத்துப் போட்டான். முதலில் நினைத்தபடியே கிடைத்தது. அவளுக்குத் தையல் மெஷின்கூட வாங்கினான். பிறகு டயர்கள் தேய்ந்துபோக, கடனுக்குப் புது டயர் போட்டான். அதிலிருந்து பழைய சம்பள அளவுகூட மிஞ்சவில்லை. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு டிரைவர் சிட்டிபாபு மஞ்சள் காமாலையில் விழுந்தான். பார்க்கப் போன கண்ணாயிரத்தை சிட்டிபாபுவின் மனைவி அங்கம்மாள் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"லீவு சம்பளம் கேட்டேண்ணா. அந்தச் சட்டம் அஞ்சு பேர் இருக்கற எடத்துக்குத்தானாம். நீங்களும் உங்க கிளீனரும் போயிட்டதால இப்ப மூணு பேர்தானாம். தரமுடியாதுன்ட்டாரு."

கண்ணாயிரத்துக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. தன்னை எதற்காக முதலாளியாக்கினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அங்கம்மாள் மனுக் கொடுத்தாள். லேபர் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் வரச் சொன்னார். விசாரணையன்று காலையில் ராஜகோபால் கண்ணாயிரத்தின் வீட்டுக்கே வந்தார்.

"நான் தனி, எனக்கு முதலாளி கெடயாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. டயர் கடன நான் கட்டிடறேன்."

அவர் போனபின் கிருஷ்ணவேணி சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "வண்டி யார் பேர்ல இருக்கு?"

"அவரு பேர்ல."

"வேற ஆபீஸ் லோடு ஏத்துவியா?"

கண்ணாயிரம் நிமிர்ந்து பார்த்தான். ராஜகோபால் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்த வுடமாட்டாரு சார். எங்க போவணும், எப்ப போவணும், எல்லாம் அவரு சொல்றதுதான். அன்னிக்கும் நான் டிரைவர்தான், இன்னிக்கும் டிரைவர்தான்."

அன்று மத்தியானமே வண்டிச் சாவி பறிபோனது. கண்ணாயிரத்தையும் அவன் கிளீனரையும் சேர்த்து ஐந்து பேர்தான் என்று இன்ஸ்பெக்டர் எழுத, பொங்கலுக்குள் சிட்டிபாபுவுக்கு லீவு சம்பளம் கிடைத்தது. உடம்பும் தேறி வேலைக்குப் போனான். கண்ணாயிரம் தன் வேலைக்காகப் போட்ட வழக்கு நகரவில்லை. யாராவது டிரைவர் வராத நாளில் செவிலிமேட்டுப் பக்கம் மாற்றாளாக ஓட்டினான். தன்னிடம் இல்லாத வண்டியின் டயருக்குத் தவணை கட்டினான்.

மாசி மாதம் சிட்டிபாபு அவனைத் தேடி வந்தான்.

"முதலாளி என்னையும் காண்டிராக்டுக்குக் கூப்புடறாருபா. லோடுக்கு ரெண்டு ரூபா சேத்துத் தராராம்."

கண்ணாயிரம் பதறிப்போய் டயர், டீசல், கிளீனர் சம்பளம், படுத்தால் வராத காசு என்று எல்லாவற்றையும் சொன்னான். சிட்டிபாபு கடைசிவரை கேட்டான்.

"எல்லாம் தெரியுதுபா. வைத்தியத்துக்கு வாங்கின கடன் இருக்குதே."

அந்த வாரமே அவன் கையெழுத்துப் போட்டான். செய்தி கேட்டபோது கண்ணாயிரத்துக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. டயர் தவணைக்கு எடுத்து வைத்திருந்த காசை இன்னொரு தரம் எண்ணினான்.