பரமலிங்கத்தின் காந்தம்

பரமலிங்கம் வீட்டில் ஆள் குந்தியிருக்கக் கதிரை கிடைக்காது. தையல் மெஷின் தாராளமாகக் கிடைக்கும். விறாந்தையில் நான்கு, சாமியறையில் இரண்டு, குசினியில் பருப்புப் பேணிக்குப் பக்கத்தில் ஒன்று. அத்தனையும் அலுமினியம். இரும்பு மெஷின் என்றால் மனிதர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். சண்டை முடிந்த கையோடு வன்னிக்கு வந்த நிறுவனங்கள் வாழ்வாதாரம் என்று சொல்லி வீட்டுக்கொரு இரும்பு மெஷினை இறக்கிப் படமும் எடுத்துக்கொண்டு போயின. எல்லார் வீட்டிலும் மெஷின் இருந்தால் யார் யாருக்குத் தைத்துக் கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவற்றில் பாதியின் மேல் இப்போது கோழி படுக்கிறது.

பரமலிங்கம் தேடியது அந்த இனமல்ல. அந்தக் காலத்து வெளிநாட்டு மெஷின், கறுப்பு வர்ணத்தில் தங்கப் பூப்போட்டது, சின்னப் பெட்டிக்குள் அடங்குவது, ஒரு கையால் தூக்கக்கூடியது. இதில் ஒரு சிக்கல். கறுப்புப் பூசிவிட்டால் இரும்பும் அலுமினியமும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தமொன்றை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருப்பார். வைத்துப் பார்த்து ஒட்டினால் இரும்பு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். ஒட்டாவிட்டால் முகம் அப்படியே பூத்துவிடும். அந்த முகத்தைக் கண்டுதான் பழைய இரும்புக் கடை ஜமால்தீன் நானா விலை சொல்வார்.

இந்த விசருக்கு ஒரு காரணம் இருந்தது. கடைசி இடம்பெயர்வில், மனைவி விமலேஸ்வரியின் இரும்பு மெஷினை இரணைமடுவில் இருந்து சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். வழியில் ரயர் வெடித்தது. சைக்கிளை விட்டார், மெஷினை விடவில்லை. தோளில் வைத்து நடந்தார். விசுவமடுவில் முதுகு பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் இறக்கி வைத்தவரால் மறுபடி அதைத் தூக்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்த வழியால் போகும்போதெல்லாம், செத்த வீடோ கலியாண வீடோ, விமலேஸ்வரி சொல்லாமல் விட்டதில்லை.

"இதிலதான் வச்சவர்."

அவர் மெஷின் சேர்க்கத் தொடங்கியதே அதனால்தான். புதிதாக ஒன்று வந்தால் மனைவியின் முன் கொண்டுபோய் வைத்து, "ஒருக்காத் தூக்கிப் பாருமப்பா, பூ மாதிரி" என்பார். அவளோ இன்றுவரை ஒன்றில்கூட விரல் வைத்ததில்லை.

இந்தச் சேகரிப்பில் சேதப்பட்டவன் மகன் சுஜிதன். அவனுக்கு வந்த முதல் சம்பந்தக்காரர் வீட்டுக்கு வந்து, இருக்க இடமில்லாமல், நின்றபடியே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு போன் எடுக்கவில்லை. இரண்டாவது சம்பந்தத்தில் பரமலிங்கம் பெண்ணின் தகப்பனிடம் சாதகத்துக்கு முதலே பழைய மெஷின் இருக்கிறதா என்று விசாரித்தார். மூன்றாவது யதுர்ஷிகா, புதுக்குடியிருப்பில் பாலர் பாடசாலை ரீச்சர். இரண்டு வருடமாக இருவருக்கும் விருப்பம். சாதகம்கூடப் பொருந்திவிட்டது. பொருந்த வேண்டிய மிச்சம் அப்பா மட்டும்தான். இந்தப் பிள்ளையும் கைவிட்டுப் போனால் தனக்கு இனிக் கலியாணமே வேண்டாம் என்று சுஜிதன் சொல்லியிருந்தான். அவன் சொன்னால் செய்கிறவன் என்பது வீட்டுக்குத் தெரியும்.

"அப்பா, அங்க வந்து மெஷின் எண்ட சொல்லே வாயில வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில நான் விளையாடுவனே? சத்தியமாக் கதைக்க மாட்டன்."

கதைக்காமல் இருக்கத்தான் சத்தியம் வாங்கினான். காந்தத்தை அவன் நினைக்கவில்லை. பரமலிங்கமும் நினைக்கவில்லை, சட்டை மாற்றும்போது மூக்குக்கண்ணாடியோடு சேர்ந்து அதுவும் பழக்கதோசத்தில் புதுச் சட்டைக்குள் குடிபெயர்ந்துவிட்டது.

பெண் வீட்டில் வரவேற்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. யதுர்ஷிகாவுக்குத் தகப்பன் இல்லை. தாய் பத்மாசனியும் தாய்மாமன் சஜீவனும் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார்கள். சஜீவன் வாய்க்காரர். தங்கள் குடும்பம் எப்படிப்பட்டது, மருமகளின் கழுத்தில் கிடப்பது எத்தனை பவுண் என்பதையெல்லாம் வந்தவர்கள் இருக்கமுதலே சொல்லி முடித்துவிட்டார். பரமலிங்கத்தின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அறை மூலையில், பின்னல் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோசாப்பூச் சாடி வைத்த ஒரு சாமானை அவர் கண்டுவிட்டார். துணிக்குக் கீழே தெரிந்த அந்தச் சின்ன இடுப்பு வளைவு அவருக்கு நன்றாகத் தெரிந்த வளைவு. சுஜிதன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தியம் ஞாபகம் வர, கூரையைப் பார்த்தார்.

யதுர்ஷிகா தகரத் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பரமலிங்கம் கோப்பையை எடுக்கக் குனிந்தார். தட்டு பிள்ளையின் கையில் இருந்து எட்டிப் பாய்ந்து அவருடைய நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. தேத்தண்ணி வேட்டியில் ஊற்றுப்பட்டது. அவர் தட்டைப் பிடித்து இழுக்க, பை கிழிந்து, தட்டோடு சேர்ந்து காந்தம் வெளியே வந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பொம்பிளை பார்க்க வருகிற மனிதர் காந்தத்தோடு வந்தால் அதற்கு ஊரில் ஒரே ஒரு பொருள்தான். அடகுக்கடைக்காரர் செய்வதும் அதைத்தான். நகை தங்கமென்றால் ஒட்டாது, உள்ளே இரும்பென்றால் ஒட்டும்.

"அப்ப எங்கட பிள்ளையின்ர சங்கிலியைச் சோதிக்கவோ வந்தனீங்கள்?" என்று சஜீவன் எழும்பினார். தட்டில் இருந்து காந்தத்தைப் பிடுங்கியெடுத்தார். "நல்லது. சோதிச்சே போடுவம். யதுர்ஷி, கழட்டு பிள்ளை சங்கிலியை. உவையள் கண்ணாலை பாக்கட்டும்."

யதுர்ஷிகாவின் கை சங்கிலியைப் பொத்திக்கொண்டது. கழற்றவில்லை. பரமலிங்கம் பத்மாசனியைப் பார்த்தார். அந்த மனிசியின் முகத்தில் இரத்தம் இல்லை. சங்கிலியின் சங்கதி தம்பிக்கும் தெரியாது, தாய்க்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும் என்பது அவருக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. இன்னும் ஒரு நிமிசத்தில் அந்தத் தாய் தன் வீட்டுக்குள்ளேயே தலைகுனிந்து நிற்கப்போகிறாள். அதற்குப் பிறகு இந்தக் கலியாணம் எங்கே நடக்கப்போகிறது. வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும். அதுவும் சேர்ந்து போகட்டும் என்று எழும்பினார்.

"தம்பி, அதை இஞ்ச தாங்கோ. உங்கட சங்கிலி ஆருக்கு வேணும்? நான் வந்தது மெஷினுக்கு."

சுஜிதன் கண்ணை மூடிக்கொண்டான்.

பரமலிங்கம் மூலைக்குப் போய், ரோசாப்பூச் சாடியை இறக்கி விமலேஸ்வரியின் மடியில் வைத்து, பின்னல் துணியை உரிந்தார். கறுப்பு, தங்கப் பூ, ஒரு கீறல் இல்லை. காந்தத்தை மெஷினின் வயிற்றில் வைத்தார். அது வழுகி நிலத்தில் விழுந்தது. நடித்துக் காட்டத்தான் எழும்பினார். ஆனால் அதற்குப் பிறகு வந்த பேச்சில் நடிப்பு ஒன்றும் இல்லை. நிலத்தில் முழங்காலில் இருந்தபடி, ஈரவேட்டியோடு, அந்த மெஷினின் பெருமையை மூச்சுவிடாமல் எடுத்துச் சொன்னார். சஜீவன் வாயைப் பிளந்தபடி நின்றார்.

"இவருக்கு இது மருந்தில்லாத ஒரு வருத்தம் தம்பி," என்று விமலேஸ்வரி சாடியைக் கட்டிப்பிடித்தபடி சொன்னாள். "ஒட்டாத வருத்தம். கோயிலுக்குப் போனாலும் மணியில காந்தம் வச்சுப் பாக்கிறவர்."

முதலில் சிரித்தது யதுர்ஷிகா. பிறகு சஜீவனும் சிரித்துவிட்டார். பத்மாசனி சிரிக்கவில்லை. பரமலிங்கத்துக்குத் தன் கையாலேயே இன்னொரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, தட்டில்லாமல் கொடுத்தாள். "குடியுங்கோ அண்ணை," என்றாள். நாள் வைக்கலாம் என்றும் அவளே சொன்னாள். மெஷினையும் இப்போதே கொண்டுபோகச் சொன்னாள்.

"அது நான் வரேக்க என்னோட வரும், மாமா," என்றாள் யதுர்ஷிகா பரமலிங்கத்திடம். "அதுவரைக்கும் தொடக்கூடாது."

திரும்பும் வழியில் சுஜிதன் வான்காரப் பெடியனுக்குப் பக்கத்தில் இருந்து பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். பரமலிங்கத்துக்கும் வாயெல்லாம் பல். மருமகளோடு மெஷினும் வருகிறது. இப்படி ஒரு கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும். விசுவமடு வந்தது. வழக்கமான வசனத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டு இருந்தார். அது வரவில்லை.

"அந்தப் பிள்ளையின்ர சங்கிலி கவரிங் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று விமலேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"தாயின்ர முகத்தைப் பாத்தனான். உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு அந்தச் சங்கிலியைக் கண்ட உடனே தெரியும். உந்தக் காந்தத்தை ஒருக்காத் தாங்கோ."

கொடுத்தார். அவள் சட்டைக்குள் கிடந்த தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். காந்தத்தைத் தாலியில் வைத்தாள், ஒட்டவில்லை. கொடியில் வைத்தாள். டிக்கென்று ஒட்டிக்கொண்டது.

"கடைசிச் சண்டையில, மாத்தளனில," என்றாள். "பிள்ளைக்குக் காய்ச்சல், கஞ்சி வைக்க ஒரு பிடி அரிசி இல்லை. நீங்கள் முதுகு நிமித்தேலாமல் பங்கருக்குள்ள கிடந்தனீங்கள். கொடியைக் குடுத்துத்தான் அரிசி வாங்கினனான். அரிசி நிவாரணத்தில தந்ததெண்டு உங்களுக்குச் சொன்னனான். இது பிறகு வாங்கின கவரிங்."

வன்னியில் பரமலிங்கம் காந்தம் வைத்துப் பார்க்காத சாமான் இல்லை. பக்கத்துத் தலையணையில் கிடந்த கழுத்தை மட்டும் இத்தனை வருடமாகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, தான் அன்றைக்குக் குடித்த கஞ்சியின் ருசி நாக்கில் திரும்பி வந்தது.

"ஏனப்பா என்னட்டைச் சொல்லேல்லை?"

"அதைச் சொல்லேலாமல்தானே மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தனான்," என்றாள்.

அவர் கையை நீட்டிக் காந்தத்தைக் கழற்றப் பார்த்தார். அது கொடியை விடவில்லை.

"விடுங்கோ, கிடக்கட்டும்," என்று அவள் அவருடைய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பரந்தன் சந்தி தாண்டி வீடு வந்து சேரும்வரை காந்தம் தாலிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டே வந்தது.